கேட்டதும் கண்டதும்: பி. ஆர். ராஜமையர்

நுழையும்முன்

ஒருவர்மீது பழி சொல்லப்படுகிறது. சொன்னவர் யார், அவர் அதைக் கண்ணால் கண்டாரா, எங்கே, எப்போது கண்டார் என்று கேட்கும் இடம் நீதிமன்றம். திண்ணையிலும் குளத்தங்கரையிலும் இக்கேள்விகள் பெரும்பாலும் எழுவதில்லை. ஆயினும் அங்கும் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. அத்தகைய தீர்ப்பொன்று ஒரு குடும்பத்தை எவ்வாறு நிலைகுலையச் செய்கிறது என்பதைத் தம் இருபத்தொன்றாம் வயதில் நாவலாக எழுதத் தொடங்கியவர் ராஜமையர். இருபத்தாறு ஆண்டுகளே வாழ்ந்த அவ்வெழுத்தாளரின் வாழ்க்கை இப்பாடமாக அமைகிறது.

மலையடிவாரத்து ஊர்

பழனி மலைத்தொடரின் அடிவாரத்தில் அமைந்த ஊர் வத்தலக்குண்டு. இன்று திண்டுக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இவ்வூர், அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. கொடைக்கானலுக்குச் செல்வோர் இவ்வூரைக் கடந்தே மலையேறுகின்றனர். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பும் அப்படித்தான். ஆனால் பயணம் இன்றுள்ளதுபோல் எளிதன்று. 1875ஆம் ஆண்டில் மதுரைக்கு இருப்புப்பாதை வந்தபின், பயணிகள் அம்மையநாயக்கனூர் நிலையத்தில் இறங்கினர். அங்கிருந்து மாட்டுவண்டியில் வத்தலக்குண்டு வழியாகப் பெரியகுளம் சென்று, மலையடியில் வண்டியை விட்டிறங்கினர். அதன்பின் குதிரைமீதும் டோலியிலும் கால்நடையாகவும் ஏறினர். டோலியில் அமர்ந்தவர்களைப் பயணக் குறிப்புகள் நினைவில் வைத்துள்ளன. தோளில் சுமந்தவர்களின் பெயர்களை அவை வைத்திருக்கவில்லை.

மலைமேல் தொடக்கத்தில் வீடு கட்டிக் குடியேறிய வெளிநாட்டவருள் அமெரிக்கர்களும் இருந்தனர். மதுரையில் 1834ஆம் ஆண்டு பணியைத் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்த சமயப் பணியாளர்கள், சமவெளியின் வெப்பத்திற்கும் நோய்க்கும் பலரைப் பலிகொடுத்தபின், 1845ஆம் ஆண்டு கொடைக்கானலில் இரண்டு வீடுகளை எழுப்பினர். மதுரை ஆட்சியராக இருந்த லெவிஞ்சு 1863ஆம் ஆண்டு அங்கு ஏரியை அமைத்தார். அமெரிக்க மிஷனின் நிலையம் ஒன்று வத்தலக்குண்டிலும் இயங்கியது. ஆகவே, கோவிலும் அக்கிரகாரமும் சந்தையும் கொண்ட அச்சிற்றூர், உலகின் மறுகோடியிலிருந்து வந்தவர்கள் தங்கிச் செல்லும் இடமாகவும் விளங்கியது.

இவ்வூரில் 1872ஆம் ஆண்டு பிறந்தவர் ராஜமையர். அவர் பெயரின் முன்னெழுத்தாகிய ‘பி’ என்பது, ஆங்கிலேயர் எழுதிய முறைப்படி, வத்தலக்குண்டைக் குறிப்பதாகும். ஓர் எழுத்தாளர் தம் ஊரைப் பெயரிலேயே சுமந்து செல்வது அக்கால வழக்கம். பிற்காலத்தில் மணிக்கொடி இதழோடு தொடர்புடைய பி. எஸ். ராமையா, ‘எழுத்து’ இதழை நடத்திய சி. சு. செல்லப்பா ஆகியோரும் வத்தலக்குண்டோடு தொடர்புடையவர்களே. சிற்றூர் ஒன்று தமிழ் உரைநடைக்கு இத்தனை பேரைத் தந்திருப்பது எண்ணி மகிழத்தக்கது.

கல்வியும் சட்டமும்

ராஜமையர் தொடக்கக் கல்வியை ஊரிலும், ஆங்கிலக் கல்வியை மதுரையிலும் பெற்றார். பின்னர்ச் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் பயின்று இளங்கலைப் பட்டம் பெற்றார். ஆங்கிலக் கவிஞர்களை ஆர்வத்துடன் கற்ற அவர், கம்பரையும் தாயுமானவரையும் அதே ஆர்வத்துடன் கற்றார். அக்காலத்தில் ஆங்கிலம் படித்த இளைஞர் பலர் தமிழைக் கற்பதைப் பெருமையாகக் கருதவில்லை. ராஜமையர் அவர்களுள் ஒருவராக இருக்கவில்லை.

பட்டம் பெற்றபின் அவர் சட்டம் பயின்றார். அந்நாளில் படித்த இளைஞர்க்கு உயர்வளித்த தொழில் வழக்கறிஞர் தொழிலே. கிறித்தவக் கல்லூரி அப்போது சென்னையின் ஜார்ஜ் டவுன் பகுதியில் இருந்தது. அதற்கு அண்மையில் உயர்நீதிமன்றத்தின் செந்நிறக் கட்டடம் எழுந்துகொண்டிருந்தது. 1892ஆம் ஆண்டு அது திறக்கப்பட்டது. அம்மன்றத்தின் முதல் இந்திய நீதிபதியான திருவாரூர் முத்துசாமி ஐயரின் புகழ் தமிழகமெங்கும் பரவியிருந்தது. தெருவிளக்கின் ஒளியில் படித்து நீதிபதியானவர் என்று பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு அவரைக் காட்டிய காலம் அது. ராஜமையரின் நாவலில் வரும் குடும்பத்தலைவரின் பெயரும் முத்துசாமி ஐயரே. பரவலாக வழங்கிய பெயர் என்பதால் இதனைத் தற்செயல் எனலாம். எனினும், தீர விசாரியாமல் தம் மனைவிக்கு எதிராகத் தீர்ப்பளித்த ஒருவருக்கு, நாடறிந்த நீதிபதியின் பெயர் வாய்த்திருப்பது நம்மை ஒருகணம் நிறுத்தவே செய்கிறது.

சட்டத் தேர்வில் ராஜமையருக்கு வெற்றி கிட்டவில்லை. அத்தோல்வி அவர் உள்ளத்தை வருத்தியது. ஆனால் சட்டம் பயின்ற ஆண்டுகள் வீணாகிவிட்டன என்று கூற இயலாது. அவர் பிறந்த அதே 1872ஆம் ஆண்டில்தான் இந்தியச் சாட்சியச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அன்று சட்டம் பயின்றோர் அனைவரும் கற்ற, 2024ஆம் ஆண்டு வரை நடைமுறையில் இருந்த அச்சட்டத்தில் ஓர் அடிப்படை விதி இருந்தது. வாய்மொழிச் சாட்சியம் நேரடியானதாக இருத்தல் வேண்டும். ஒரு நிகழ்ச்சியைக் கண்டதாகச் சொல்பவர் தாமே கண்டிருத்தல் வேண்டும். பிறர் சொல்லக் கேட்டதை, சில விலக்குகள் தவிர, சாட்சியமாக ஏற்றல் ஆகாது. ஊரில் உலவும் செய்தி எத்தனை வாய்களைக் கடந்து வந்தாலும், நீதிமன்றத்தின் வாயிலில் அது நிறுத்தப்பட்டுவிடும்.

நீதிமன்றத்துக்கு வெளியே அவ்விதிக்கு மதிப்பில்லை. இந்த வேறுபாட்டையே ராஜமையர் தம் கதைப்பொருளாக்கிக்கொண்டார்.

திங்கள்தோறும் ஒரு பகுதி

சி. வி. சுவாமிநாத ஐயர் 1892ஆம் ஆண்டு சென்னையில் ‘விவேக சிந்தாமணி’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். அதில் 1893ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் 1895ஆம் ஆண்டு ஜனவரி வரை ராஜமையரின் நாவல் தொடராக வெளிவந்தது. 1896இல் நூலாயிற்று. இன்று நாம் அதனைக் ‘கமலாம்பாள் சரித்திரம்’ என்று அழைக்கிறோம். ஆனால் ஆசிரியர் இட்ட முழுப்பெயர் ‘ஆபத்துக்கிடமான அபவாதம் அல்லது கமலாம்பாள் சரித்திரம்’ என்பதாகும். அபவாதம் என்பது அடிப்படையற்ற பழிச்சொல். நாயகியின் பெயருக்கு முன்னால் அவள்மீது விழுந்த பழியை ஆசிரியர் நிறுத்தியிருக்கிறார்.

தமிழின் முதல் நாவலாகக் கருதப்படும் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879ஆம் ஆண்டு வெளிவந்தது. அதை எழுதிய வேதநாயகம் பிள்ளை, மாயூரத்தில் முன்சீப்பாகப் பணியாற்றியவர். உயர்ந்த நீதிமன்றங்களின் தீர்ப்புகளைத் தமிழில் தொகுத்தளித்தவர். வழக்கு எம்மொழியில் நடைபெற வேண்டும் என்பதைப் பற்றியெல்லாம் கவலைப்பட்டவர். அவருக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றப்படும் நாவலை எழுதியவரோ சட்டத் தேர்வில் தோற்றவர். தமிழ் நாவல் நீதிமன்றத்தின் அருகிலேயே பிறந்தது என்று கூறலாம் போலும். வேதநாயகம் பிள்ளை நீதிபதியின் இருக்கையிலிருந்து உலகைப் பார்த்து, நன்மை வெல்வதையும் தீமை தோற்பதையும் கதையாக்கினார். ராஜமையர் பார்த்தது, வழக்காகவே பதிவாகாத குற்றங்களை.

வம்பர் மகாசபை

மதுரை மாவட்டத்துச் சிறுகுளம் என்னும் கற்பனையூரில் கதை தொடங்குகிறது. செல்வமும் நற்பெயரும் உடைய முத்துசாமி ஐயரும் அவர் மனைவி கமலாம்பாளும் அன்பு நிறைந்த வாழ்க்கை நடத்துகின்றனர். மகள் லட்சுமிக்குச் சீனிவாசனுடன் திருமணம் நடைபெறுகிறது. முத்துசாமி ஐயரின் தம்பி சுப்பிரமணிய ஐயர். அவர் மனைவி பொன்னம்மாள். பொன்னம்மாளுக்குக் கமலாம்பாளின் வாழ்வைக் காணப் பொறுக்கவில்லை. அழுக்காறே தீப்பொறி, அதனை ஊதிப் பெருக்குவோர் ஊரில் இருந்தனர்.

அவ்வூர்ப் பெண்கள் சிலர் கூடிப் பிறர் வீட்டுச் செய்திகளைப் பேசும் கூட்டத்திற்கு ராஜமையர் வம்பர் மகாசபை என்று பெயரிட்டார். 1885ஆம் ஆண்டு தோன்றிய காங்கிரசை மக்கள் மகாசபை என்று தமிழில் வழங்கத் தொடங்கியிருந்த காலம் அது. நாட்டின் நலனைப் பேச ஒரு மகாசபை கூடுகையில், அடுத்த வீட்டின் நலக்கேட்டைப் பேச இங்கொரு மகாசபை கூடுகிறது. படிப்பவர் வாய்விட்டுச் சிரிப்பர். ஒருத்தி ஐயமாகச் சொன்னதை அடுத்தவள் உறுதியாகச் சொல்கிறாள். மூன்றாமவள் அதற்குக் காலமும் இடமும் சேர்க்கிறாள். நான்காமவளிடம் சேரும்போது அது ஊரறிந்த உண்மையாகிவிடுகிறது. எவரும் முழுப்பொய்யைத் தனியே படைப்பதில்லை. ஆளுக்குச் சிறிதளவே சேர்க்கின்றனர். ஆகவே எவருக்கும் தாம் பொய் சொன்னதாகத் தோன்றுவதுமில்லை. பழிச்சொல்லின் இயல்பை இத்தனை நுட்பமாகத் தமிழ் உரைநடையில் முதலில் காட்டியவர் ராஜமையரே எனலாம்.

இங்கு ஒரு குறையையும் சுட்டவேண்டும். வம்பு பேசுதல் பெண்களின் இயல்பு என்பதுபோல் அக்காலத்து ஆண் எழுத்தாளர் பலர் எழுதினர். ராஜமையரின் நகைச்சுவையும் அந்நோக்கிலிருந்து முற்றும் விடுபட்டதன்று. கல்வி மறுக்கப்பட்டு, ஊர்ப் பொதுக்காரியம் எதிலும் இடமின்றி, அடுக்களைக்கும் கிணற்றடிக்கும் இடையே வாழ்ந்த பெண்களுக்கு அக்கூட்டமன்றி வேறு மன்றம் ஏது? இக்கேள்வியை நாவல் கேட்கவில்லை. ஆயினும் கதையின் போக்கு ஆசிரியரின் நகைச்சுவையை விடவும் நேர்மையானது. வம்பைப் பரப்பியவர்கள் எழுத்தறியாப் பெண்கள் என்றால், அதனை நம்பிச் செயற்பட்டவர் கற்றறிந்த ஆண், ஊரார்க்கு நல்லவர், கமலாம்பாளுடன் பல்லாண்டு வாழ்ந்து அவள் உள்ளத்தை நன்கறிந்தவர்.

துன்பங்கள் முத்துசாமி ஐயரை ஒன்றன்பின் ஒன்றாகத் தாக்குகின்றன. தம்பியை இழக்கிறார். அருமையாகப் பெற்ற ஆண்குழந்தை காணாமற்போகிறது. செல்வம் அழிகிறது. இந்நிலையில் கமலாம்பாளின் ஒழுக்கத்தைப் பற்றிய பொய்ச்செய்தி அவர் காதில் விழுகிறது. முன்பாக இருந்தால் நகைத்துத் தள்ளியிருப்பார். இப்போது நம்புகிறார். மனைவியை அழைத்து ஒரு வினாவும் வினவவில்லை. சொன்னவர் எங்ஙனம் அறிந்தார் என்றும் ஆராயவில்லை. வீட்டை விட்டு வெளியேறுகிறார். குற்றம் சாட்டப்பட்டவளுக்குத் தன்மீது குற்றச்சாட்டு உண்டென்பதே தெரியாத நிலையில், விசாரணையின்றித் தண்டனை தொடங்கிவிடுகிறது.

மதுரையை அறிந்த தமிழர்க்கு இவ்விடத்தில் மற்றொரு தீர்ப்பு நினைவுக்கு வரும். பொற்கொல்லன் சொல்லை மட்டும் கேட்டுக் கோவலனைக் கொல்விக்கச் செய்த பாண்டியனின் தீர்ப்பு அது. சிலப்பதிகாரத்தை உ. வே. சாமிநாதையர் 1892ஆம் ஆண்டு பதிப்பித்தார். அதற்கு அடுத்த ஆண்டு ராஜமையரின் தொடர் தொடங்கியது. பாண்டியனுக்கு உண்மையை எடுத்துக்காட்டக் கண்ணகி சிலம்புடன் அவைக்கு வந்தாள். கமலாம்பாளுக்கு அத்தகைய அவை இல்லை. உடைத்துக் காட்டச் சிலம்பும் இல்லை. வீட்டிற்குள் வழங்கப்பட்ட தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வழியேயில்லை. தன்மீது சுமத்தப்பட்டது என்னவென்று அறியாமலே அவள் துன்புறுவதை வாசிக்கும்போது, கோபம் யார்மீது எழுகிறது என்று மாணவர்கள் தம்மைத் தாமே கவனித்துப் பார்க்கலாம்.

உயிர்வாழும் விருப்பத்தையே இழந்த நிலையில் முத்துசாமி ஐயர் சச்சிதானந்த சுவாமிகள் என்னும் துறவியைச் சந்திக்கிறார். அவரருளால் மனம் தெளிகிறது. இறுதியில் கணவனும் மனைவியும் ஒன்றுசேர்கின்றனர். காணாமற்போன குழந்தையும் கிடைக்கிறது. இப்பகுதியில் நாவலின் நடையே மாறிவிடுகிறது. தெருவும் திண்ணையும் மறைந்து வேதாந்த விசாரம் முன்னிற்கிறது. ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை என்னும் தமிழ்ப் பண்டிதரின் கோமாளித்தனமான புலமையையும், பேயாண்டித் தேவன் என்னும் திருடனின் துணிச்சலையும் சுவைத்துவந்த வாசகர்க்கு இது ஏமாற்றம் அளித்தல் கூடும். நாவலின் முற்பாதியை நாவலென்றும் பிற்பாதியைக் கனவென்றும் புதுமைப்பித்தன் மதிப்பிட்டது பலரும் அறிந்தது. அம்மதிப்பீடு பெரும்பாலும் சரியே. ஆனால் ராஜமையர் கதை சொல்வதை மட்டும் நோக்கமாகக் கொள்ளவில்லை. அமைதியின்றி அலைந்த ஓர் உள்ளம் துன்பங்களின் வழியே அமைதியடைந்ததைக் காட்டுவதே தம் கருத்து என்று நூலின் இறுதியில் அவரே புலப்படுத்தியுள்ளார்.

இப்பாடத்தை எழுதும் எனக்கு வேறொரு குறை தோன்றுகிறது. முத்துசாமி ஐயரின் மனத்தெளிவுக்கு இத்தனை பக்கங்களை ஒதுக்கிய ஆசிரியர், கமலாம்பாள் அவரை எவ்வாறு மன்னித்தாள் என்பதற்கு இன்னும் சில பக்கங்களை ஒதுக்கியிருக்கலாம்.

கடலுக்கு அப்பால்

ஊர்கூடி ஒருவரைக் குற்றவாளி என்று முடிவுகட்டுவது எந்நாட்டிற்கும் பொதுவானது. வத்தலக்குண்டிலும் கொடைக்கானலிலும் பணியாற்ற வந்த அமெரிக்கர்களின் தாய்நாட்டு இலக்கியத்திலும் இப்பொருள் அழுத்தமான இடம்பெறுகிறது. அங்கு இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. மாசாசூசெட்ஸ் பகுதியிலுள்ள சேலம் என்னும் ஊரில் 1692ஆம் ஆண்டு சூனியம் செய்ததாகப் பலர்மீது குற்றம் சாட்டப்பட்டது. நம் சேலம் மாநகரோடு இவ்வூருக்குப் பெயரளவிலேயே ஒற்றுமை. அங்குச் சிறுமியர் சிலர் கூறியவற்றையும், தம் கனவில் ஆவியுருவில் வந்து துன்புறுத்தியதாகப் பலர் கூறியவற்றையும் சாட்சியமாக ஏற்றனர் நீதிபதிகள். பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். ஐந்தாண்டுகளுக்குப்பின் அந்நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சூவல், திருக்கோவிலில் மக்கள்முன் எழுந்து நின்று தம் தவற்றை ஏற்றார். ஜான் ஹாத்தார்ன் என்னும் நீதிபதி அவ்வாறு வருந்தியதாக வரலாறு இல்லை.

அந்த ஜான் ஹாத்தார்னின் வழித்தோன்றலே நத்தானியேல் ஹாத்தார்ன் என்னும் நாவலாசிரியர். தம் குடும்பப்பெயரின் ஆங்கில எழுத்துகளில் ஓர் எழுத்தைக் கூட்டி எழுதினார் அவர். 1850ஆம் ஆண்டு வெளிவந்த ‘தி ஸ்கார்லெட் லெட்டர்’ என்னும் அவரது நாவல், பதினேழாம் நூற்றாண்டுப் பாஸ்டன் நகரில் நிகழ்வது. மணவாழ்வின் நெறி தவறினாள் என்று ஹெஸ்டர் பிரின் என்னும் பெண்ணை ஊர் தண்டிக்கிறது. அவள் ஆடையில் செந்நிற எழுத்தொன்றை வாழ்நாள் முழுவதும் அணிந்திருக்க வேண்டும். அவளோடு தவறிழைத்த ஆண், ஊரார் போற்றும் சமய குருவாக அவர்களிடையே உலவுகிறான். அவன் பெயரை அவள் சொல்லவில்லை. ஹெஸ்டர் சட்டத்தின் பார்வையில் குற்றவாளி, கமலாம்பாளோ குற்றமேயற்றவள். எனினும் இரு நாவல்களும் தண்டிக்கப்பட்டவளைவிடத் தண்டித்தவர்களையே உற்றுநோக்குகின்றன.

1960ஆம் ஆண்டு ஹார்ப்பர் லீ எழுதிய ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’ என்னும் நாவலில் நீதிமன்றம் உண்டு, சாட்சிகள் உண்டு, குறுக்கு விசாரணையும் உண்டு. டாம் ராபின்சன் என்னும் கறுப்பினத்தவர் குற்றமற்றவர் என்பதை வழக்கறிஞர் அட்டிகஸ் பிஞ்ச் ஐயமற மெய்ப்பிக்கிறார். இருந்தும் நடுவர் குழு டாமைக் குற்றவாளி என்றே முடிவுசெய்கிறது. தெருவில் முன்னரே எழுதப்பட்ட தீர்ப்பை மன்றம் படித்துக்காட்டியது, அவ்வளவே. சாட்சிய விதிகள் எழுத்தில் இருந்தால் மட்டும் போதாது என்பதை அந்நாவல் உணர்த்துகிறது. சாதியின் பெயரால் ஒருவர் சொல் நம்பப்படுவதும் மற்றொருவர் சொல் நம்பப்படாமற்போவதும் நம் ஊர்களுக்குப் புதியனவல்ல. சிறுகுளத்து அக்கிரகாரத்தைத் தாண்டி ராஜமையரின் பார்வை அவ்வளவு தொலைவு செல்லவில்லை என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

ராஜமையரின் காலத்துத் தமிழிலேயே இப்பொருளுக்கு மற்றொரு சான்று உண்டு. அ. மாதவையா 1872ஆம் ஆண்டு பிறந்தவர். அதே கிறித்தவக் கல்லூரியில் பயின்றவர். 1898ஆம் ஆண்டு வெளிவந்த அவரது ‘பத்மாவதி சரித்திரம்’ நாவலிலும் படித்த இளைஞனாகிய நாராயணன் தன் மனைவி பத்மாவதியைக் காரணமின்றி ஐயுறுகிறான். ஒரே ஆண்டில் பிறந்து ஒரே கல்லூரியில் படித்த இருவர், ஒருவரையொருவர் பின்பற்றாமலே ஒரே நோயைக் கண்டிருக்கின்றனர். ஆங்கிலக் கல்வி அந்நோயைத் தீர்க்கவில்லை என்பதை இருவருமே அறிந்திருந்தனர்.

இதழாசிரியர்

நாவல் முடிந்தபின் ராஜமையர் தமிழில் மற்றொரு நாவல் எழுதவில்லை. அவர் உள்ளம் வேதாந்தத்தில் தோய்ந்தது. 1893ஆம் ஆண்டு செப்டம்பரில் சிகாகோ நகரில் உரையாற்றிய சுவாமி விவேகானந்தரின் புகழ், சென்னை இளைஞர்களிடையே பெரும் எழுச்சியை உண்டாக்கியிருந்தது. விவேகானந்தரின் அன்பர்கள் 1896ஆம் ஆண்டு ஜூலையில் ‘பிரபுத்த பாரதம்’ என்னும் ஆங்கிலத் திங்களிதழைச் சென்னையில் தொடங்கினர். அதன் ஆசிரியர் பொறுப்பு இருபத்துநான்கு வயதான ராஜமையரிடம் வந்தது.

இதழின் பெரும்பகுதியை அவரே எழுதினார். ஒரே பெயர் மீண்டும் மீண்டும் வருவதைத் தவிர்க்கப் பல புனைபெயர்களைக் கையாண்டார். கட்டுரை, கதை, உரையாடல் எனப் பல வடிவங்களில் எழுதினார். ‘வாசுதேவ சாஸ்திரி’ என்னும் நெடுங்கதையும் அவ்விதழில் தொடராக வந்தது. மலையடிவாரத்துச் சிற்றூரின் பேச்சை எழுதிய கை, இப்போது ஆங்கிலத்தில் உபநிடதக் கருத்துகளை விளக்கியது. தமிழ் உரைநடைக்கு இஃதொரு பேரிழப்பு என்று கருதுவோர் உண்டு. அவருக்கோ இரண்டும் வெவ்வேறு பணிகளாகத் தோன்றியிருக்க இடமில்லை. பிறரைப் பற்றித் தீர்ப்பளிக்க விரையும் மனத்தை நாவலில் வெளியிலிருந்து காட்டினார். அதே மனத்தை இவ்விதழில் உள்ளிருந்து ஆராய்ந்தார்.

அவரது உடல் இவ்வுழைப்பைத் தாங்கவில்லை. நோயுற்று 1898ஆம் ஆண்டு மே மாதம் 13ஆம் நாள் இயற்கை எய்தினார். அவர் மறைந்தபின் சென்னையில் இதழைத் தொடர்ந்து நடத்த இயலவில்லை. விவேகானந்தர் அதனை மறைந்துபோக விடவில்லை. இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவிற்கு மாற்றப்பட்டு அதே ஆண்டு ஆகஸ்டில் அவ்விதழ் மீண்டும் வெளிவந்தது. பழனி மலையடியில் பிறந்தவர் வளர்த்த இதழ் இமயமலையடியில் தொடர்ந்தது, இன்றளவும் வெளிவந்துகொண்டிருக்கிறது. அவரது ஆங்கில எழுத்துகள் 1905ஆம் ஆண்டு ‘ராம்பில்ஸ் இன் வேதாந்தா’ என்னும் பெயரில் தொகுக்கப்பட்டன.

அவர் மறைவிற்குப் பல ஆண்டுகள் கழித்து வத்தலக்குண்டிலிருந்து கொடைக்கானலுக்கு மலைப்பாதை அமைக்கப்பட்டது. டோலிகள் மறைந்து உந்துவண்டிகள் வந்தன. அவ்வழியே செல்லும் பேருந்துகளில் இருப்போர்க்கு, தமிழின் தலைசிறந்த தொடக்ககால நாவல்களுள் ஒன்றை எழுதியவரின் ஊரைக் கடக்கிறோம் என்பது பெரும்பாலும் தெரிவதில்லை. நாவல் மறுபதிப்புகள் பல கண்டுவிட்டது. ஆங்கிலத்தில் ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் 1998ஆம் ஆண்டு மொழிபெயர்த்தபோது, பழிச்சொல்லைக் குறிக்கும் முதற்பகுதியையே நூலுக்குப் பெயராகக் கொண்டார். தமிழ் வாசகர்கள் அப்பகுதியை நெடுங்காலத்திற்கு முன்பே விட்டுவிட்டனர். அவர்கள் நாவில் அபவாதம் இல்லை. கமலாம்பாளின் பெயரே நிற்கிறது.